ஆயிரத்து இருநூறு கோழிகளும் ஒரு கேசட்டும்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கு இப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "சார், சிஸ்டம் படுத்துருச்சு. இங்க பதினாறு பேர் அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டிருக்கோம். நீங்க இருந்தப்ப மட்டும் எப்படி சார் நாற்காலிய விட்டு எந்திரிக்காமலே இருப்பீங்க?" என்று கேட்டார். முழங்கால் வலி என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் போனில் சொல்ல முடியாது. ஓய்வு பெற்றவனிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் எழுதிய முதல் புரோகிராமை ஆயிரத்து இருநூறு பேர் பயன்படுத்தினார்கள். அவர்களில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவரும் புகார் கடிதம் போட்டதில்லை. பிடிக்கவில்லை என்றால் முட்டை விடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். எல்லோரும் கோழிகள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கம்ப்யூட்டர் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடித்து, கடைசி ஆண்டுக்குப் போக வேண்டும். எங்கள் கல்லூரியில் அப்போது இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏ.சி. அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கோயிலுக்குப் போவது போலப் போவோம். வாரத்துக்கு ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். அதிலும் கால் மணி நேரம் முன்னால் உட்கார்ந்தவனை எழுப்புவதிலேயே போய்விடும்.

கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்குப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பாக இருந்தார். குட்டையான மனிதர். நாம் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து உளறியவர்கள் நிறையப் பேர். அவரிடம் போய், வீட்டிலேயே சொந்தமாக ஒரு பெட்டி செய்து, அதை வைத்தே புராஜெக்ட் செய்கிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன பண்ணும் உன் பெட்டி?"

"கோழி ஷெட்டுல நேரத்துக்கு லைட் போட்டு நிறுத்தும் சார்."

"பட்டனை அமுக்குனா லைட் எரியும். அதுக்கு எதுக்குப்பா பெட்டி?" என்றவர், சற்று யோசித்து, "சரி. ஜூலைல காலேஜ் திறக்கிற அன்னைக்கு ஓடுற பெட்டியைக் கொண்டாந்து என் மேஜை மேல வை. ஒரு மாசம் நிஜமான இடத்துல ஓடியிருக்கணும். இல்லைன்னா சம்பளப் பட்டியல் குரூப்புல சேர்ந்துக்க" என்றார்.

சம்பளப் பட்டியல் குரூப் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒன்பது பேர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதுவார்கள். ஒருவன் எழுதுவான், ஒருவன் ரிப்போர்ட்டுக்கு அட்டை போடுவான், மற்ற ஏழு பேரும் டீ வாங்கி வருவார்கள். அதில் சேர்ந்தால் வருஷம் முழுக்க எனக்கு டீ வேலைதான். எனக்கு அப்போது இருபது வயது. சொந்தக் கையால் செய்த ஒரு சாமான் என் பெயரில் ஓட வேண்டும் என்ற வெறி. அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கவும் தயாராக இருந்தேன். அம்மா இருந்ததால் அந்த நிலைமை வரவில்லை.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே. கடலை போட்ட காட்டில் தண்ணீர் வற்றியதும் அப்பா கோழிக்கு மாறினார். மூன்று ஷெட். நான் லீவுக்குப் போனபோது மூன்றாவது ஷெட்டில் ஆயிரத்து இருநூறு இளங்கோழிகள், முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்தன. அந்தப் பருவத்தில் வெளிச்சம்தான் முக்கியம். வாரா வாரம் வெளிச்ச நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூட்டியதைக் குறைக்கவே கூடாது. ஒரு நாள் குறைந்தாலும் கோழி கோபித்துக்கொண்டு இறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

லைட் போடுகிற வேலையைச் செய்தவர் பாவாயி அக்கா. எங்கள் பண்ணையில் ஏழெட்டு வருஷமாக வேலை செய்தவர். அப்போது முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். விடியுமுன் திருச்செங்கோட்டிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் வளைவில் ஹாரன் அடிக்கும். அதுதான் அவருக்குக் கணக்கு. பஸ் டிரைவர் லீவு போட்டால் எங்கள் கோழிக்குப் பொழுது விடியாதா என்று நான் கேலி செய்வேன். "டிரைவரு லீவு போட்டா வேற டிரைவரு வருவாருங்க தம்பி" என்பார் அக்கா.

அப்பாவிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைப் பெட்டி அளவு தகரப் பெட்டி, உள்ளே நானே பற்ற வைத்த கம்பிகள், மேலே எண் தெரியும் சிவப்பு விளக்குகள், எண் பொத்தான்கள், ஒரு பச்சை விளக்கு.

"ஏஞ்சாமி, இது ஊட்டுக்கோழி இல்ல. மெரண்டுச்சுன்னா முட்டை உடாது. தெரியுமல்லோ?"

"தெரியுங்கப்பா."

"ஒரு கோழி மெரண்டாலும் பொட்டி வெளிய, நீயும் வெளிய" என்று மூன்றாவது ஷெட்டைக் கொடுத்தார். ஆக எனக்கு இரண்டு எஜமானர்கள். கோழி மிரண்டால் அப்பா கழற்றிவிடுவார். அப்பா கழற்றினால் பேராசிரியர் என்னை டீ வாங்க அனுப்புவார்.

கோழி ஷெட்டுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. உள்ளே போகுமுன் கதவை மெதுவாகத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவை கொஞ்சம் தலை தூக்கிப் பார்க்க நேரம் கொடுத்து, அப்புறம்தான் நுழைய வேண்டும். தினமும் ஒரே நிறத்துணி. பாவாயி அக்கா நீலச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வார், அப்பாவுக்குக் காக்கி. அப்புறம் பாட்டு. பக்கத்துத் தீவன அறையில் ஒரு டேப் ரிக்கார்டர் பகல் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் லாரி ஹாரன், நாய்க் குரைப்பு எதுவும் கோழிக்குப் பெரிதாகத் தெரியாது. கரண்டு போனாலும் பாட்டு நிற்கக் கூடாதென்று பேட்டரிக் கட்டை போட்டிருப்போம். வீட்டில் இருந்த ஒரே டேப் ரிக்கார்டர் அதுதான். என் தங்கை ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமானால் கோழிகளோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். என் பெட்டிக்கு ஞாபக சக்தி கரண்டு இருக்கும்வரைதான். கரண்டு போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் ஊரில் கரண்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகும். அந்தக் காலத்தில் புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைப்போம். கரண்டு வந்ததும் கேசட்டை ஓட்டி, ஒயர் வழியாகப் பெட்டிக்குள் புரோகிராமை ஏற்ற வேண்டும். மூன்று நிமிடம். சரியாக ஏறினால் பச்சை விளக்கு எரியும். அப்புறம் பொத்தானை அமுக்கி மணி வைக்க வேண்டும். ஒயரைச் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், சத்தம் பெட்டிக்கு மட்டும் போகும். செருகாமல் ஓட்டினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குச் சொல்வது கஷ்டம். பத்து சாணைக்கல்லில் பத்து அரிவாளை ஒரே நேரத்தில் பிடித்தால் வரும்.

பெட்டியைத் தீவன அறையில், டேப் ரிக்கார்டர் பக்கத்திலேயே வைத்தேன். அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்து தெரியாது, எண் தெரியும், கடிகாரம் பார்ப்பார். பாட்டுக் கேசட்டை எடு, என் கேசட்டைப் போடு, ஒயரைச் செருகு, ஓட்டு, பச்சை வருகிறதா பார், மணி வை, மறுபடி பாட்டு. ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவர் எனக்குச் செய்து காட்டினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று வருஷப் படிப்பை மூன்று நிமிடத்தில் கற்றுக்கொண்டால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

பத்து நாள் பிரமாதமாக ஓடியது. பதினோராம் நாள், மத்தியானம் கரண்டு போய் வந்தது. அக்கா தண்ணீர்த் தொட்டி கழுவப் போயிருந்தார். நான் காலேஜுக்கென்று அம்மா தைக்கக் கொடுத்து வாங்கிய புதுச்சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு நிறம். அப்போது அதுதான் நாகரிகம். நம் பெட்டிதானே, நாமே போடலாம் என்று தீவன அறைக்குப் போய்க் கேசட்டை மாற்றி, சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தேன். சத்தம் குறைவாக இருந்தால் பெட்டி ஏற்காது. ஓட்டினேன். ஒயரைச் செருகவில்லை.

ஒரு நொடி எனக்கே என்னவென்று புரியவில்லை. அப்புறம் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆயிரத்து இருநூறு கோழிகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே மூலைக்கு ஓடினால் கேட்கும் சத்தம். நீங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டீர்கள், கேட்கவும் வேண்டாம்.

மிரண்ட கோழி மூலைக்கு ஓடும். முதலில் போனதன்மேல் அடுத்தது ஏறும், அதன்மேல் இன்னொன்று. அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் செய்தது என்ன? டேப்பை நிறுத்தாமல் ஓடினேன். கதவைத் தட்டாமல் தள்ளித் திறந்தேன். ஆரஞ்சுச் சட்டையோடு, "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டு, குவியலை நோக்கிப் பாய்ந்தேன். அந்த மூலைக்குப் போகாமல் மிச்சமிருந்த கோழிகளும் என்னைப் பார்த்ததும் போய்விட்டன.

"தம்பி! நில்லுங்க! ஓடாதீங்க!"

வாசலில் பாவாயி அக்கா. கத்தவில்லை, கொஞ்சம் அழுத்திச் சொன்னார், அவ்வளவுதான்.

"நீங்க ஓடுனாத்தான் அதுங்களும் ஓடும். அப்படியே உக்காருங்க. கீழ உக்காருங்க."

கடலைத் தோல் பரப்பிய தரையில், புதுச்சட்டையோடு உட்கார்ந்தேன். அக்கா தீவன அறைக்குப் போய் டேப்பின் சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, பாட்டுக் கேசட்டைப் போட்டார். அப்புறம் தகர வாளியில் தீனியை அள்ளி, எதிர் மூலையில் நின்று வாளியை ஆட்டினார். "பா... பா... பா..." வேறொன்றுமில்லை. தினமும் கேட்கும் வாளிச் சத்தம், தினமும் கேட்கும் குரல். குவியலின் மேலே இருந்தவை தலையைத் தூக்கிப் பார்த்தன. இரண்டு இறங்கின. பத்து இறங்கின. அப்புறம் எல்லாம் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல வாளியை நோக்கி நடந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு கோழி வந்து என் சட்டைப் பொத்தானைக் கொத்திப் பார்த்தது.

ஒன்பது கோழி செத்திருந்தது. அப்பா வந்தார், ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் வரிசையாக வைத்து எண்ணினார். கடைசியில், "பொழுதோட பொட்டியக் கழட்டிரு சாமி" என்றார். டீ டம்ளர்கள் கண் முன்னால் வரிசையாகத் தெரிந்தன.

பாவாயி அக்கா குறுக்கே வந்தார். "ஏனுங்க, பொட்டி மேல என்னுங்க தப்பு? கோழி கேக்காத சத்தத்தக் கேட்டுச்சு, மெரண்டுச்சு. மொதல் மொதல்ல பாட்டுப் போட்டப்பவும் மெரண்டுச்சல்லோ? தீனி போடையில இந்தச் சத்தத்தச் சித்த மெதுவா வெச்சு வெச்சுப் பழக்கி உட்டா, நாளைக்கு ஒயரு கழண்டாலும் பயமில்லீங்க."

"பழகாட்டி?"

"பழகாட்டிக் கழட்டிப் போடலாமுங்க. பொட்டி எங்க போயிரப் போவுது?"

அப்பா என் சட்டையைப் பார்த்தார். "மொதல்ல இந்தக் கருமத்தக் கழட்டு" என்றுவிட்டுப் போனார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதன்பிறகு நாலு நாள் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கோழிக்குழம்பு. ஒவ்வொரு வேளையும் அப்பா என் தட்டைப் பார்த்து, "நல்லாச் சாப்புடு, நீ செஞ்சதுதான்" என்பார்.

மறுநாளிலிருந்து அக்கா சொன்னபடி செய்தோம். ஒயரைச் செருகினாலும் ஸ்பீக்கர் மெதுவாகப் பேசும்படி நான் மாற்றிப் பற்ற வைத்தேன். தீனி போடும் நேரத்தில் புரோகிராமின் அலறல் மெல்லியதாகக் கேட்கும். முதல் நாள் கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் கண்டுகொள்ளவில்லை. பத்தாம் நாள், அந்தச் சத்தம் கேட்டதும் தீனித் தட்டுக்கு ஓடி வரிசையில் நின்றன. நான் எழுதிய புரோகிராமை அவ்வளவு ஆசையாகக் கேட்டவர்களை அப்புறம் முப்பத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நடந்தது. தினமும் கேட்டுக் கேட்டு, அக்காவுக்கு அந்த அலறலில் எங்கே என்ன வரும் என்று பழகிவிட்டது. பச்சை விளக்கு எரியும் முன்பே, "ஏறிருச்சுங்க" என்பார். சில நாள், "இல்லீங்க, நடுவுல இழுத்துருச்சு, இன்னொருக்காப் போடோணும்" என்பார். விளக்கு எரியாது. அதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஜூன் கடைசி வாரம் முட்டை வர ஆரம்பித்தது. அப்பா முதல் முட்டையைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

காலேஜ் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியைக் கழற்றினேன். லைட் வேலை மறுபடி பஸ் ஹாரனுக்குப் போயிற்று. அதில் அப்பாவுக்கு வருத்தமில்லை. ஆனால் கேசட்டை எடுத்துப் பைக்குள் வைத்ததும் குறுக்கே நின்றார்.

"பொட்டியக் கொண்டுபோ சாமி. கேசட்ட வெச்சிட்டுப் போ."

"அப்பா, இது இல்லாம பொட்டி ஓடாதுங்க."

"இது இல்லாம கோழி திங்காது. இப்பத்தான் முட்டைக்கு வந்திருக்குது. சத்தத்த நிறுத்துனா எனக்கு யாரு பதில் சொல்றது? உன்ற வாத்தியாரா?"

ஒரே கேசட். இரண்டு பேருக்கும் வேண்டும். பஸ் ஸ்டாப் டீக்கடையிலிருந்து இன்னொரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்தேன். இரண்டையும் இணைக்கச் சரியான ஒயர் கிடைக்கவில்லை. எதிரெதிரே வைத்து, ஒன்றைப் பாடவிட்டு இன்னொன்றைக் கேட்டுப் பதிய வைத்தேன். தீவன அறையில், தீனி நேரத்தில். அப்படிப் பதிந்ததை என் பெட்டி ஏற்காது என்று எனக்குத் தெரியும். கோழிக்கு அது போதும். அக்கா இரண்டு கேசட்டையும் பார்த்தார். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே நிறம்.

"தம்பி, எது எதுன்னு ஒரு அடையாளம் வெச்சிருங்க. ஒண்ணுல நூலு கட்டட்டுங்களா?"

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன்.

நீங்கள் யாராவது என்னோடு வேலை செய்யும்போது "எனக்குத் தெரியும் சார்" என்று சொன்னதும் நான் ஏன் முறைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

காலேஜ் திறந்த அன்று, ஏ.சி. அறை. பேராசிரியர், இரண்டு விரிவுரையாளர்கள், சம்பளப் பட்டியல் குரூப்பின் ஒன்பது பேர் என்று எல்லோரும் நிற்க, நான் பெட்டியை மேஜைமேல் வைத்து, ஹாஸ்டல் வார்டனிடம் கெஞ்சி வாங்கிய டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓட்டினேன். மூன்று நிமிடம். பச்சை எரியவில்லை. இன்னொரு முறை. எரியவில்லை. பேராசிரியர் கண்ணை மூடியபடியே, "ஒயரைக் கழட்டு. என்னதான் இருக்குன்னு கேப்போம்" என்றார்.

கழற்றினேன். அலறல் கேட்டது. அதன் பின்னால் வாளி ஆடும் சத்தம். கொக்கரிப்பு. பாவாயி அக்காவின் "பா... பா... பா..." அப்புறம் தெளிவாக என் அப்பாவின் குரல்: "ஏம் பாவாயி, இன்னும் எத்தனை நேரத்துக்கு இவன் இந்தக் கூத்தக் கட்டுவான்?"

அறை சிரித்த சிரிப்பில் ஏ.சி. சத்தம் கேட்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடு. சொல்வதற்கு ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வழியில் வெயிலில் கேசட் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த வெயிலை யாரும் சந்தேகப்பட முடியாது. ஆனால் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொய் வரவில்லை.

"சார், மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். நல்ல கேசட் கோழிகிட்ட இருக்கு."

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

"உங்க ஊர்ல நாளைக்கு எத்தனை தடவை கரண்டு போகும்?"

"அஞ்சாறு தடவை சார்."

"ஒவ்வொரு தடவையும் யார் ஏத்தினது?"

"பாவாயி அக்கா சார். இதோ, கேசட்ல பா பான்னு கூப்பிடுறாங்களே, அவங்க. பண்ணைல வேலை செய்யறவங்க."

"அவங்க எத்தனை தடவை தப்பாப் போட்டாங்க?"

"ஒரு தடவையும் இல்லை சார்."

"நீ?"

"ரெண்டு தடவை சார். இதையும் சேர்த்து."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு டீ வாசனையே வந்துவிட்டது. "நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் டைம்" என்றார். "சரியான கேசட்டைக் கொண்டா. அந்த அம்மாவையும் கூட்டிட்டு வா. நீ தொடக்கூடாது. அவங்க ஏத்தட்டும்."

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சொன்னதும் அக்கா யோசித்தார். "கோழிக்குத் தீனி போட்டுட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றார். அப்பா, "நானும் ஒருக்கா வாளிய ஆட்டுனா என்ன, திங்காமயா போயிரும்?" என்றார். இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுப் போகச் சொல்லி அக்கா அவரிடம் மூன்று முறை சொன்னார். கேசட்டில் தன் கையால் சிவப்பு நூல் கட்டினார்.

மறுநாள் பதினோரு மணி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறை வாசலில் நின்றோம். நான் கதவைத் தள்ளப் போனேன். அக்கா என் கையைத் தடுத்து, விரலை மடக்கிக் கதவை இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். அப்புறம் நின்றார். உள்ளிருந்து, "வாங்க, திறந்துதான் இருக்கு" என்று குரல் வந்தும் அவர் நகரவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று பேராசிரியரே எழுந்து வந்து கேட்டார்.

"புது ஆளுங்க நானு. திடீர்னு போனா உள்ள இருக்கறது மெரண்டுருமுங்க."

பின்னாலிருந்த விரிவுரையாளர்களும் சம்பளப் பட்டியல் குரூப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் மட்டும் ஒதுங்கி வழி விட்டார். அக்கா மெதுவாக உள்ளே வந்து, பெட்டிக்கு முன் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக் கேசட்டைப் போட்டார். ஸ்பீக்கரும் மெதுவாகப் பேசும்படி வார்டனின் டேப்பையும் அன்று காலையிலேயே மாற்றிப் பற்ற வைத்திருந்தேன், அதனால் அலறல் எல்லோருக்கும் கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கரண்டு போய்விட்டது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கும்மிருட்டு. ஏ.சி. நின்றது. பெரிய கம்ப்யூட்டர் ஒரு முனகலோடு அடங்கியது. அதில் பரீட்சை மார்க் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் போல. ஒருவர் ஸ்டெபிலைசரை நோக்கி ஓடினார், இன்னொருவர் கம்ப்யூட்டரை நோக்கி ஓடினார், இருவரும் நடுவில் மோதிக்கொண்டார்கள். ஒரு நாற்காலி விழுந்தது. யாரோ "டார்ச், டார்ச்" என்று கத்த, சம்பளப் பட்டியல் குரூப் மொத்தமும் வாசலைத் தேடி ஒரே மூலையில் போய் அடைத்துக்கொண்டது. நானும் ஓடத்தான் பார்த்தேன்.

"யாரும் ஓடாதீங்க" என்றது இருட்டில் அக்காவின் குரல். ஷெட்டில் கேட்ட அதே குரல். "நீங்க ஓடுனாத்தான் எல்லாரும் ஓடுவாங்க. அப்படியே உக்காருங்க."

முதலில் உட்கார்ந்தது பேராசிரியர். நாற்காலி கிறீச்சிட்டதை வைத்துச் சொல்கிறேன். அப்புறம் ஒவ்வொருவராக, மேஜையிலும் தரையிலும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். மூலையில் இருந்த ஒன்பது பேரும் ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்தார்கள். கால் மணி நேரம் அப்படியே இருட்டில் இருந்தோம்.

கரண்டு வந்தது. அக்கா கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, மறுபடி ஓட்டினார். பாதி போனதும், "இல்லீங்க. நடுவுல இழுத்துருச்சு" என்றார். விளக்கு எரியவில்லை. பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா இன்னொரு முறை போட்டார். இந்த முறை அலறல் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே, "ஏறிருச்சுங்க" என்றார். பச்சை எரிந்தது. லைட் எரிவதைக் காட்ட, கோழிக்கு வைக்கும் விடிகாலை மணியை வைத்தார். மேஜைமேல் நான் கட்டியிருந்த குண்டு பல்பு எரிந்தது.

பேராசிரியர் என் புராஜெக்ட் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். என் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, "ஏத்தினது யாருன்னு எழுது" என்றார். பாவாயி என்று எழுதினேன். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை சந்தோஷத்தில்.

இதுதான் அந்த மீதிப் பாதி. உங்கள் சிஸ்டம் விழும்போது பதினாறு பேரும் ஒரே மூலைக்கு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடலைத் தோல் வாசனை வரும், நான் உட்கார்ந்துவிடுவேன். இன்னொன்று, நீங்கள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் நகல் இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது ஏற்றிப் பாருங்கள். உள்ளே உங்கள் அப்பா பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கேசட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

"ஏந்தம்பி, அந்த ரூமுல இருந்தவிங்க எல்லாம் யாருங்க?"

"வாத்தியாருங்கக்கா. பெரிய படிப்புப் படிச்சவங்க."

"பாவம்" என்றார் அக்கா. "தெனமும் ஒரு பாட்டுப் போட்டு வெக்கச் சொல்லுங்க. பழகிக்குவாங்க."